தைலமரத் தோட்டத்தில் ஒரு திருத்தம்

1

அப்பா அடிலெய்டுக்கு வந்து பதினோரு நாள் வரை எந்த மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் நிற்பவை யூகலிப்டஸ் மரங்கள். பக்கத்து வீட்டு மரத்தின் பட்டை உரிந்து எங்கள் வாசலில் விழும். வாரம் ஒரு முறை அதை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போடுவது என் வேலை. அப்பா ரோட்டைப் பார்த்தார், வேலிகளைப் பார்த்தார், மேய ஆடு இல்லாமல் வளர்ந்து கிடந்த புல்லைப் பார்த்து வருத்தப்பட்டார். மரத்தைப் பார்க்கவில்லை. நாமக்கல்லுக்குக் கிழக்கே, எருமப்பட்டிப் பக்கம் எழுபத்தாறு வயது வரை விவசாயம் பார்த்தவர் மரத்தைப் பார்க்காமல் நடக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி முயற்சி வேண்டும்.

அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்த பிறகுதான் இங்கே வரச் சம்மதித்தார். விசா விண்ணப்பத்தில், ஊருக்குத் திரும்பிப் போக உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது என்று ஒரு கேள்வி. ஊரிலிருக்கும் தம்பி அவரிடமே கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி அனுப்பியிருந்தான்: கறவை மாடு ரெண்டு, குச்சிக்கிழங்குக் காடு, கிணற்றில் பாதிப் பங்கு. நான் ஆங்கிலத்தில் தட்டும்போது அதைக் "குடும்பமும் அசையாச் சொத்தும்" என்று மாற்றினேன். படிவத்துக்குப் புரிகிற சொல்லைப் படிவத்துக்குக் கொடுப்பது, இந்த நாட்டில் பத்தொன்பது வருடம் இருந்ததில் பழகிப்போன ஒன்று. மூன்று மாத விசா வந்தது.

2

இங்கே நான் ஒரு நகராட்சி அலுவலகத்தில் அறிவிப்புகள் எழுதுகிறேன். எந்தச் சாலை எந்தத் தேதியில் மூடப்படும், எந்தப் பூங்காவில் குடிநீர்க் குழாய் பழுது என்பது போன்றவை. நான்கு வரி அறிவிப்பை இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வெளியே விடுவார்கள். ஆரம்பத்தில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. இப்போது இல்லை.

அதற்கு முன்பு நான் சேலத்திலிருந்து வந்த ஒரு நாளிதழுக்கு நாமக்கல் நிருபர். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், வாரக் கடைசிப் பக்கத்துக்கு ஏதாவது வேண்டும் என்று சேலத்திலிருந்து கேட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தேன். சாப்பாடு போட்டுக்கொண்டே அம்மா புலம்பினார்: கிணற்றில் நம் முறை வந்தால் அரை மணி நேரம்கூட மோட்டார் ஓடுவதில்லை, பக்கத்துக் காட்டுப் பொன்னுசாமியின் கடலைக்கொடி கருகிவிட்டது, எல்லாம் உங்கப்பா வைத்த தைலமரம் உறிஞ்சுவதுதான்.

பொன்னுசாமிச் சித்தப்பா எங்களுக்குப் பங்காளி. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எங்களுக்கு என்று முறை. கூலிக்கு ஆள் கிடைக்காமல் போனபோது அப்பா மேட்டாங்காட்டில், வானம் பார்த்த மூன்று ஏக்கரில், தைலங்கன்று நட்டார். சொன்னால் போதும், காகித ஆலைக்காரர்கள் கன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் காலம் அது.

நாமக்கல் திரும்பும் பேருந்திலேயே செய்தியை எழுதி முடித்தேன். "கிணற்றைக் குடித்த தைலமரம்" என்று தலைப்பு. பதினெட்டுப் படிக் கிணறு என்று தொடங்கி மூன்று பத்தி அகலத்தில் வந்தது. "என்கின்றனர் விவசாயிகள்" என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். அந்த விவசாயிகள் என் அம்மா ஒருவர்தான். அப்பாவைக் கேட்கவில்லை, பொன்னுசாமிச் சித்தப்பாவைக் கேட்கவில்லை, நிலத்தடி நீர் தெரிந்த ஒருவரையும் கேட்கவில்லை. அதே ஒன்றிரண்டு வருடங்களில் எங்கள் காட்டைச் சுற்றித் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளை போட்டு ஏழு போர் இறக்கியிருந்தன. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாவின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. "நமது நிருபர்" என்று மட்டும் இருந்தது. ஆனால் அந்தப் பகுதியில் பொதுக் கிணற்றை ஒட்டித் தைலமரம் வைத்தவர் ஒரே ஒருவர்.

அப்பா அதை எருமப்பட்டி டீக்கடையில், நாலு பேர் நடுவே படித்தார். வெட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்த மரங்களை அடுத்த வாரமே பொக்லைன் விட்டுத் தூரோடு பிடுங்கினார். பொன்னுசாமிதான் பேப்பர்காரனைக் கூட்டிவந்து எழுத வைத்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பேச்சை நிறுத்தினார், அவ்வளவுதான். அதுவரை ஒருவர் முறை முடிந்தால் வரப்பில் நின்று மற்றவரைக் கூப்பிடுவார்கள். அதன் பிறகு மோட்டார் ரூம் கதவுக் கொண்டியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. துணி கட்டியிருந்தால் தண்ணீர் உனக்கு. இருபது வருடத்துக்கும் மேலாகத் துணிதான் பேசுகிறது. மரங்களைப் பிடுங்கிய பிறகும் கிணறு நிறையவில்லை.

இது தெரிந்ததும் நான் அம்மாவிடம் சொன்னேன். எழுதியது நான்தான், அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாஞ்சாமி. இப்பச் சொன்னா ஊடு ரெண்டாயிரும். கொஞ்சம் ஆறட்டும்."

ஆறட்டும் என்று நானும் விட்டேன். பிறகு கல்யாணம், நர்ஸ் வேலை கிடைத்த மனைவியோடு இந்த நாடு, குழந்தை. ஊருக்குப் போகும்போதெல்லாம் மோட்டார் ரூம் பக்கம் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அம்மா போன பிறகு, அதை எழுதியது யார் என்று தெரிந்தவன் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

3

பத்தாவது நாள் தம்பி வீடியோவில் வந்தான். மாட்டைக் காட்டினான், கிழங்குக் காட்டைக் காட்டினான். கடைசியில் போகிற போக்கில் சொன்னான்:

"பொன்னுசாமிச் சித்தப்பாவுக்கு நெஞ்சு வலிங்க. நாமக்கல்ல ஸ்டென்ட் வெச்சு நேத்துதான் ஊட்டுக்குக் கூட்டியாந்தாங்க."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னுக்குட்டி ஒழுங்காப் பால் குடிக்குதா?" என்று கேட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். என் மகள் கயல் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கயலுக்குப் பத்தொன்பது வயது, தாவரவியல் படிக்கிறாள். எங்கள் பக்கம் அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்புச்சி. அவளுக்கு இருவரும் தாத்தா. தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது சின்னச் சின்ன வாக்கியமாக, படியிறங்குவது போல ஒவ்வொன்றாக வரும். வீட்டுக்குள் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள், அதுவும் தேவைக்கு. விடுமுறையில் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஓர் ஆராய்ச்சித் தோட்டத்தில் விதை பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். யூகலிப்டஸ் இனங்களை மட்டுமே சேர்த்து வளர்க்கும் தோட்டம் அது. அவளுடைய தாத்தா ஒரு காலத்தில் மூன்று ஏக்கரில் அந்த மரத்தை வளர்த்தவர் என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

மறுநாள் காலை அவள்தான் கேட்டாள்: "தாத்தா, என் வேலை இடம் பாக்க வர்றீங்களா? மரம் நிறைய இருக்கு."

"என்ன மரம் அம்மிணி?"

"யூகலிப்டஸ்."

நான் காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் அப்பா சொன்னது கேட்டது.

"போலாம்."

4

நகரத்தைத் தாண்டியதும் கோதுமை அறுத்த வெறும் நிலம். மேடும் பள்ளமும் வெயிலுமாக அது வாழப்பாடி தாண்டி ஆத்தூர் போகிற வழியைப் போலவே இருக்கும். மலை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. இந்தச் சாலையில் நான் அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொரு முறையும் எங்காவது ஒரு பனைமரம் தென்படும் என்று கண் தானாகத் தேடும்.

தோட்டத்து வாசலில் ஒரு தட்டும் பிரஷ்ஷும் தெளிப்பானும் வைத்திருந்தார்கள். வெளி மண்ணில் இருக்கும் வேரழுகல் நோய் உள்ளே போகாமலிருக்கச் செருப்பின் அடியைச் சுத்தம் செய்துகொண்டு நுழைய வேண்டும். நான் அறிவிப்புப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார். அவருக்குத் தெரிந்து, செருப்புக்கென்று தனி இடம் வைத்திருந்தால் அது கழற்றுகிற இடம்.

தோட்டத்துப் பொறுப்பாளர் ஹெலன், அறுபது வயதிருக்கும், வெயில் தொப்பியோடு விரைந்து வந்தார். பாம்பு இருக்கும் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"எங்கூர்லயும் இருக்குதுன்னு சொல்லு" என்றார் அப்பா.

கயல் சிரித்தாள். பிறகு அவளே செருப்பை எடுத்துவந்து, அடியைத் துடைத்து, அவர் காலடியில் வைத்தாள். போட்டுக்கொண்டார்.

பல நூறு இனங்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வரிசை. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஓர் உலோகத் தகடு: பெயர், விதை எடுத்த இடம், ஒரு எண். பட்டையில் ஒன்று சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை, ஒன்று கருகிய விறகு போலக் கறுப்பு. பூ சில மரத்தில் மஞ்சள், சிலவற்றில் சிவப்பு. அப்பா முதல் இரண்டு வரிசையைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடந்தார். மூன்றாவது வரிசையில் கை தானாக முன்னால் வந்தது. ஒரு மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துப் பருமன் பார்த்தார்.

அடுத்த வரிசையில் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டிய மரங்கள். ஒரே அடியிலிருந்து ஏழெட்டுத் தண்டுகள் கிளம்பியிருந்தன. அப்பா குனிந்து அடியைப் பார்த்தார்.

"இதை எந்த வருசம் வெட்டுனாங்கன்னு கேளு."

வெட்டவே இல்லை, இதன் வளர்த்தியே அப்படித்தான் என்றார் ஹெலன். மண்ணுக்குள் கிழங்கு போல ஒரு கட்டை இருக்கும், தீயோ வறட்சியோ வந்தால் அதிலிருந்து மறுபடி கிளம்பும்.

"வெட்டாமயே மறுதாம்பு துளுக்குதா?" அப்பா நம்பாமல் இன்னொரு முறை குனிந்து வெட்டுக்காயத்தைத் தேடினார்.

பெரிய மரங்களின் பகுதியில் ஒன்றின் முன் நின்றுவிட்டார். வழவழப்பான பட்டை, அடியில் மட்டும் சொரசொரப்பு. இலையைப் பறிக்கக் கூடாது என்பதால் கீழே கிடந்த ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்தார். "இது நம்முது" என்றார்.

ஹெலன் தலையைச் சாய்த்து யோசித்தார். கிட்டத்தட்ட, என்றார். உங்கள் ஊர் மரத்தின் விதை பல தலைமுறைக்கு முன்பு இங்கிருந்து போனது. அங்கே போய் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. இது அதற்கு உறவு. அப்படியே அது என்று சொல்ல முடியாது.

"பங்காளி" என்றார் அப்பா. சொன்ன பிறகு அந்தச் சொல்லே அவரைத் தொந்தரவு செய்தது போலச் சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

5

விதை அறையில் மின்விசிறி ஓடியது. கயல் தன் மேசையைக் காட்டினாள். கடுகைவிடச் சிறிய விதைகள், காகித உறைகளில். அப்பா ஒரு உறையைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல. ஹெலன் தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அப்போது அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணு கேக்கோணும். அந்தம்மா இதுலயே இருக்கறவங்க, தெரிஞ்சிருக்கும். எங்க கெணறு வத்துனது இந்த மரத்தினாலதானான்னு கேளு."

நான் கேட்டேன். மரம் எத்தனை ஏக்கர், கிணறு எத்தனை அடி, மண் எப்படி, சுற்றி வேறு என்ன இருந்தது என்று ஹெலன் திருப்பிக் கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஏழு போரையும் வரிசையாக, யார் யார் காட்டில் என்று பெயரோடு சொன்னார்.

பிறகு ஹெலன் நீளமாகப் பேசினார். கேட்டு முடித்ததும் நான் அப்பாவிடம் சொன்னேன்:

"மரத்தினால இல்லீங்கப்பா. அந்தப் போருனாலதானாமா."

அப்பா முகம் தளர்ந்தது. மூச்சை விட்டார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அப்பா," என்றாள் கயல். "அவங்க அப்படிச் சொல்லலை."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தாத்தா பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

"இந்த மரம் தண்ணி குடிக்கும், தாத்தா. நிறையக் குடிக்கும். போரும் தண்ணி எடுக்கும். உங்க கிணறு எதனால போச்சு... அது தெரியாது. அப்போ யாரும் அளக்கலை. அளக்காம யாரும் சொல்ல முடியாது. யாராவது கண்டிப்பாச் சொன்னா, அவங்க சும்மா சொல்லியிருக்காங்க."

ஹெலனுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் கயலைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சும்மா சொல்லியிருக்கறாங்க" என்று அப்பா திருப்பிச் சொன்னார். "அப்ப எழுதுன நாயி சும்மாதான் எழுதிருக்குது."

6

வெளியே மர நிழலில் ஒரு பெஞ்சு. கயல் புளிசாத டப்பாவைத் திறந்தாள். நான் சாப்பிடவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அப்பா. அந்த நாயி நான்தானுங்க."

அவர் கையில் சாதத்தோடு நிமிர்ந்தார்.

"சித்தப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவர் யாரையும் கூட்டியாரலை. நான்தான் எழுதுனேன். அம்மா பேசினதைக் கேட்டுட்டு, பஸ்ஸுலயே எழுதிக் குடுத்துட்டேன்."

சாதத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தார். கையை உதறினார்.

"உங்கம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பொன்னுசாமி மவளுக்குக் கண்ணாலம் வெச்சான். பத்திரிகை வெச்சுட்டுப் போனான், நான் எடுத்துக்கூடப் பாக்கலை. உங்கம்மாளை எடுத்த அன்னிக்கு வந்து ரோட்டுலயே வேப்பமரத்துக்கிட்ட நின்னான். பங்காளி, உள்ள வந்து கோடித்துணி போட வேண்டியவன். நான் கூப்படலை. வெயில்ல நின்னுட்டுப் போனான்." அவர் குரல் ஏறவில்லை. "அதை நீ பாத்துக்கிட்டுத்தான நின்னே?"

"ஆமாங்க."

கயலுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. டப்பாவை மெதுவாக மூடினாள்.

"பேப்பர்ல தப்பா வந்தா, தப்புன்னு போடுவாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"திருத்தம்னு போடுவாங்க. இத்தனை வருசம் கழிச்சுப் போட மாட்டாங்க."

"அப்ப நீ போடு. போனைப் போடு. எங்கிட்டச் சொன்னதை அவங்கிட்டச் சொல்லு."

தம்பியிடம் எண் வாங்கினேன். பெஞ்சில் சிக்னல் இல்லை, மூன்று பேரும் வாசலை நோக்கி மேட்டில் ஏறினோம். ஊரில் அப்போது காலை எட்டு மணி. நாலாவது ரிங்கில் சித்தப்பாவே எடுத்தார்.

"யாருங்க?"

யார் என்று சொன்னேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிறகு, இரண்டு பேர் சரிபார்த்த அறிவிப்பைப் போல, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னேன்: தைலமரத்தைப் பற்றி அன்று பேப்பரில் எழுதியது நான். யாரையும் கேட்காமல் எழுதினேன். அதைச் சொல்லாமல் மறைத்ததும் நான்.

அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"தெரியுஞ்சாமி."

"என்னங்க?"

"அன்னிக்கே தெரியும். கெணத்துப் படி பதினெட்டுன்னு எழுதியிருந்தே பாரு. இருபத்தொண்ணு. அப்பெல்லாம் மூணு படி தண்ணிக்குள்ள கெடக்கும், சின்னப் புள்ளைல நீ எண்ணுனது மேல இருந்த பதினெட்டுதான். வெளியூருக்காரன் எவன் வந்து படியை எண்ணுவான்? நம்மூட்டுப் பையன் எழுதுனதுன்னு படிச்ச ஒடனே தெரிஞ்சு போச்சு."

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"சொல்லி? என்ற மேல கோவமா இருந்தான்னா அவனுக்குப் போறது ஒரு பங்காளி. உன்ற மேல கோவமானா மவனல்லோ போவான். நீ வேற சீமைக்குப் போறேன்னு கெளம்பிட்டே. சரி, கெடக்குதுன்னு உட்டுட்டேன்." மறுபடி இருமினார். "அவன் பக்கத்துல இருக்கறானா?"

ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். போனை வாங்கக் கையை நீட்டினார். ஸ்பீக்கரை எப்படி நிறுத்துவது என்று கயலிடம் சைகையில் கேட்டார், அவள் நிறுத்திக் கொடுத்தாள். காதில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, மரங்களின் வரிசைக்குள் நடந்தார்.

"பொன்னா" என்றார். பேசிக்கொண்டே இன்னும் பத்தடி நடந்தார்.

கயல் என் அருகே வந்து நின்றாள். நெடுநாளைக்குப் பிறகு என்னிடம் தமிழில் கேட்டாள்:

"தாத்தா என்ன சொல்றாங்க?"

காதைக் கொடுத்துக் கேட்டேன். "கெணத்துல இப்ப எத்தனை படி தெரியுதுன்னு கேக்கறார்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

அப்பா நின்றிருந்தார். தலை மெல்ல ஆடியது. ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அது எனக்குக் கேக்கலை கண்ணு" என்றேன்.